பின்வீட்டு மாமியும் பழைய பாலமும்

இணைய லைன் பார்க்க வந்த அந்தத் தம்பியை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சித்திரை வெயில். மட்டக்களப்புக் கல்லடியில் பத்து மணிக்கே மணல் செருப்பைத் தாண்டிச் சுடும். ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு ஒழுங்கைக்குள் வந்து, கம்பத்தில் ஏறி இறங்கி, ஹோலில் இருந்த ரவுட்டரில் கேபிள் ஒன்றைக் குத்தித் தன் லப்டொப்பில் சோதித்துக் காட்டினான். திரையில் 94. நான் காசு கட்டுவது செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு. "அண்ணன், லைன்ல ஒரு பிழையும் இல்ல. வயர்ல வாறது முழுசா வருது. பிழை உங்கட வீட்டுக் காத்துலதான்" என்றான். நான் விடவில்லை. "பில்லுக்குக் காசு எடுக்கத் தெரியுது, பிழையென்டா மட்டும் எங்கட வீட்டுக் காத்தா?" என்று தொடங்கி, அந்த 6 மெகாபிட் எங்கே போனது என்பது வரைக்கும் கேட்டேன். மனைவி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. அதைத் தொடாமலே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த 6க்கு விடை பிறகு தெரிந்தது. அவனுடைய லப்டொப்பின் கேபிள் துளை 100க்கு மேல் போகாத வகை. இணையத்தில் எல்லாமே சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும். ஒவ்வொரு பொதியும் முகவரி, எண் என்று கொஞ்சம் மேலதிகச் சுமை சுமக்கும். அதைக் கழித்தால் 94, 95தான் மிஞ்சும். அதாவது அன்றைக்கு அவன் காட்டியது முழுப் படி. நான்தான் படி குறைகிறது என்று சண்டை பிடித்திருக்கிறேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் எங்கள் வீட்டு வைஃபை குதிரை மாதிரி ஓடும். இரவு எட்டரை ஆனால் படுத்துவிடும். மகளுக்கு அந்த நேரம்தான் உயர்தர இரசாயனவியல் வகுப்பு. ஆசிரியர் பலகையில் எழுதுவது அரைவாசியில் உறைந்து நிற்கும், குரல் மட்டும் ஒரு நிமிடம் கழித்து ஓடிவரும். எனக்கு ரீவியில் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். இரவில் ஊரே பாவிக்கிறது, கொம்பனி ஒரே லைனை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறது, அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அப்படி நடப்பதும் உண்டு, முழுக்க மடத்தனமான முடிவு இல்லை. ஆகவே பக்கேஜை இரண்டு தரம் கூட்டினேன். பில் கூடியது. எட்டரைக்குப் படுப்பது மட்டும் மாறவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குழாயைப் பெரிதாக்கிய பிறகும் வாளி அதே வேகத்தில்தான் நிரம்புகிறது என்றால் அடைப்பு வேறெங்கோ இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

இந்த வீடு கட்டப்பட்ட விதம்

இது என் வீடு இல்லை. எங்கள் பக்கம் வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்ணுக்கு. நான் இங்கே வந்து சேர்ந்த மருமகன். முன்னால் இருக்கும் பழைய வீடு மாமிக்கு அவருடைய தாய் கொடுத்தது. என் மனைவிக்குக் கலியாணம் பேசியபோது மாமாவும் மாமியும் அந்த வீட்டை எங்களுக்கு எழுதிவிட்டு, அதே வளவின் பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடு கட்டிப் போனார்கள். மாமா காலமான பிறகு மாமி தனியாக அங்கேயே இருக்கிறார். முன்வீட்டில் வந்து இருங்கள் என்றால் கேட்க மாட்டார். அங்கே காற்று வருகிறதாம்.

ரவுட்டர் இருப்பது முன்வீட்டு ஹோலில், தெருவோரச் சுவரில். லைன் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. கொண்டுவந்தவர்கள் வைத்த இடத்திலேயே இருந்தது, அதுவும் ரீவிக்குப் பின்னால். அங்கிருந்து பின்வீட்டுக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். முதலில் அந்தக் காலத்துத் தடித்த செங்கல் சுவர். அடுத்து எங்கள் அறையில் நிற்கும், கதவு முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த இரும்பு அலுமாரி. அதற்கப்பால் இன்னொரு சுவர். பிறகு குசினிக்கு வெளியே கொங்கிரீட் மேடையில் நிற்கும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. அதைத் தாண்டித்தான் மாமியின் சுவர். இரும்பும் கண்ணாடிக்குப் பின்னால் பூசிய மென்தகடும் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதைக் குடித்துவிடும். இவ்வளவையும் கடந்து ஒரு சிக்னல் மாமியிடம் போய்ச் சேர்ந்தது என்பதே பெரிய விசயம்.

மாமிக்கு எழுபத்துநாலு வயது. மகன் சுவிஸில். அங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்ததும் தாய்க்கு வீடியோ கோல் எடுப்பான். கோடைகாலத்தில் இங்கே அப்போது இரவு எட்டரை. மாமியிடம் இருந்தது என் மகன் பாவித்துக் கழித்த பழைய போன், வைஃபை பேசும் அலைத்தொகுதிகளில் பழைய 2.4 கிகாஹேர்ட்ஸை மட்டும் பிடிக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மாமர‌த்தடிக் கதிரையில் போய் இருப்பார், அறைக்குள் வேர்க்கிறதென்று. அதாவது ரவுட்டரிலிருந்து இன்னும் ஒரு பத்தடி தள்ளி. "மனே, கேக்குதா? மனே, படம் நிண்டுட்டு மனே" என்று அவர் போடும் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். எட்டரைக்கு அங்கே இந்தச் சத்தம். அதே எட்டரைக்கு ஹோலில் நான் கொம்பனியைத் திட்டும் சத்தம். இரண்டையும் இரண்டு வருடம் ஒன்றாகக் கேட்டிருக்கிறேன், ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

மூன்று நாள்

திருக்கோவிலில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு சாமத்திய வீடு. மாமி மூன்று நாள் அங்கே போய் நின்றார். முதல் நாள் இரவு எட்டரைக்கு மகளின் வகுப்பு ஒரு தடவைகூட நிற்கவில்லை. ரீவி ஓடியது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: கொம்பனிக்குப் போன் எடுத்து, லைனைச் சரிசெய்ததற்கு நன்றி சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, "நன்றி சேர்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

நாலாம் நாள் மாமி பலகாரப் பையோடு வந்து இறங்கினார். எட்டரைக்கு எல்லாம் படுத்தது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம் என்று எண்ணி அடுத்த நாளும் பார்த்தேன். ஹோலில் லப்டொப்பில் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 40க்குக் கிட்ட. பின்வளவில் "மனே" என்று முதல் சத்தம் கேட்டது. 40 என்பது 3 ஆகிவிட்டது. மாமி கோலை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் மறுபடி 40. அந்தத் தம்பி சொன்ன 'உங்கட வீட்டுக் காத்து' அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் ஒரு வீடியோ கோலுக்கு ஒன்றிரண்டு மெகாபிட் போதும். மாமி எடுப்பது அவ்வளவுதான் என்றால், மற்ற முப்பதுக்கு மேற்பட்டதை யார் எடுத்தது? அன்றிரவு இரண்டு மணி வரைக்கும் இருந்து வாசித்தேன்.

பாலத்தில் ஒரு மாட்டு வண்டி

மட்டக்களப்புக்காரன் எதை எழுதினாலும் கடைசியில் பாடும் மீனைக் கொண்டுவந்து விடுவான் என்று ஒரு பகிடி உண்டு. நான் மீனை விட்டுவிடுகிறேன், பாலம் மட்டும் வேண்டும். பழைய கல்லடிப் பாலம். 1924இல் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் திறந்த இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வரும்வரை பட்டினத்துக்குப் போக வர எங்களுக்கு அதுதான். எதிரெதிரே இரண்டு பஸ் விலக இடமில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வாகனம் வந்துகொண்டிருந்தால் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். என் வயதுக்காரர் எத்தனை பேர் அந்தப் பாலத்தடியில் நின்று பரீட்சைக்குப் பிந்தியிருப்பார்கள்.

வைஃபையும் அந்தப் பாலம்தான். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசலாம். ரவுட்டர் பேசும்போது போன் பேச முடியாது, ஒரு போன் பேசும்போது இன்னொன்று பேச முடியாது. மறிக்கப் பொலிஸ்காரரும் இல்லை. ஒவ்வொரு கருவியும் முதலில் காதைக் கொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் எழுந்தமானமாக ஒரு சின்ன இடைவெளி விட்டுப் புறப்படும். இரண்டு ஒரே நேரத்தில் புறப்பட்டுவிட்டால் இரண்டு பொதியும் வீண், மறுபடி முதலிலிருந்து. போய்ச் சேர்ந்த பொதிக்கு மறுபக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் திரும்பவும் அனுப்பும், இந்த முறை வேகத்தைக் குறைத்து. சத்தம் கூடிய இடத்தில் நாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுகிறோமே, அது மாதிரி. மாமியின் போன் ஹோலுக்குள் இருந்தால் 54 மெகாபிட்டில் பேசும். மாமரத்தடியில் இருந்தால் இறங்கி இறங்கி 1 மெகாபிட் வரைக்கும் வந்துவிடும்.

இங்கேதான் விசயம். வழமையான ஒரு பொதி 1500 பைட், அதாவது 12,000 பிட். மற்றச் செலவுகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 54 மெகாபிட்டில் அது பாலத்தைக் கடக்க 0.22 மில்லிசெக்கன் போதும். 1 மெகாபிட்டில் 12 மில்லிசெக்கன். பாலத்தின் சட்டமோ ஆளுக்கொரு தடவை. யாரும் யாரையும் முந்தவில்லை, யாரும் கூடுதலாக எடுக்கவில்லை. ஆனால் ஒரு காரும் ஒரு மாட்டு வண்டியும் மாறி மாறிப் போனால், அந்தப் பாலத்தில் காரும் மாட்டு வண்டி வேகத்தில்தான் போய்ச் சேரும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. 2003இல் பிரான்சின் கிரெனோபிளில் நான்கு ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதிவிட்டார்கள்: 11 மெகாபிட் கருவிகளுக்கு நடுவே 1 மெகாபிட் கருவி ஒன்று வந்தால் எல்லோருடைய வேகமும் 1க்குக் கீழே போய்விடும். நான் 100 வாங்கினாலும் 1000 வாங்கினாலும் அது தெருவில் இருந்து பாலத்தடி வரைக்கும்தான்.

பாலத்தில் எங்கள் வீட்டு வண்டி மட்டும் போகவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. போனில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். கதிரையை விட்டு எழும்பாமலே 17 வீட்டு வைஃபை தெரிந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸில் 13 அலைவரிசை என்று எண் போட்டிருந்தாலும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் இருப்பது 1, 6, 11 என்ற மூன்றுதான், ஏனென்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் 5 மெகாஹேர்ட்ஸ்தான் தூரம், ஒரு வைஃபைக்கோ 20 வேண்டும். ஒரே அலைவரிசையில் இருக்கும் அயலவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு முறை வைத்துக்கொள்வார்கள். 3, 4, 9 என்று நடுவில் புகுந்தவர்கள் முறைக்கும் வராமல் இரைச்சலாக மட்டும் இருப்பார்கள், கலியாண வீட்டில் பக்கத்துப் பந்தலின் ஸ்பீக்கர் மாதிரி. அதோடு, யாரும் பாவிக்காதபோதும் ஒவ்வொரு ரவுட்டரும் 'நான் இருக்கிறேன்' என்று செக்கனுக்குப் பத்துத் தடவை அளவில் கூவிக்கொண்டே இருக்கும். பழைய கருவிகளுக்கும் கேட்க வேண்டுமென்று அதைப் பெரும்பாலும் 1 மெகாபிட்டில், ஆக மெதுவாகக் கூவும். ஒரு கூவல் 250 பைட் என்று வைத்தால் 2 மில்லிசெக்கன், ஆக ஒரு வீட்டுக்குச் செக்கனில் 20 மில்லிசெக்கன். ஒரே எண்ணில் பத்து வீடு என்றால் ஒரு வார்த்தை பேசாமலே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஊரெல்லாம் பைபர் வந்தது நல்லதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூவும் பெட்டியும் சேர்ந்து வந்தது.

யாருக்கு நியாயம்

ஆராய்ந்து கண்டுபிடித்த பெருமையில் அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு சொல்லை விட்டேன். "மாமி போன் எடுத்தா வீட்டுக் காத்து முழுக்க அவக்குத்தான்." சிரிக்கத்தான் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள், சின்னவன் ஓடிப்போய் அம்மம்மாவிடமும் சொல்லிவிட்டான். அன்றிரவு எட்டரைக்குப் பின்வளவு அமைதி. அடுத்த நாளும் அமைதி. வகுப்பு நிற்காமல் ஓடியது, எனக்குத்தான் செய்தியில் மனம் ஓடவில்லை. மாமி வைஃபையை நிறுத்திவிட்டு, கடையில் டேட்டா காட் வாங்கிப் போட்டு, படம் இல்லாமல் ஐந்து நிமிடம் மட்டும் பேசி வைக்கிறார் என்று மனைவி சொன்னாள். சுவிஸில் இருந்து மச்சான் எனக்கு எடுத்தான். "அம்மா வீட்டுக் காத்தெல்லாம் குடிச்சிப்போடுறாவாம், உண்மையா மச்சான்?" என்று கேட்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

நான் வாசித்ததில் இன்னொரு பகுதி இருந்தது, அதைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். 2017இல், பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸ் என்ற மென்பொருளில் இதற்கு ஒரு பரிகாரம் கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு தடவை என்பதை விட்டுவிட்டு, ஆளுக்குச் சம நேரம் என்று பங்கிடுவது. மாட்டு வண்டிக்கும் காருக்கும் பாலத்தில் ஒரே அளவு நிமிடம். அந்த நிமிடத்துக்குள் வண்டி எவ்வளவு போகிறதோ அவ்வளவு. காகிதத்தில் மிக நல்ல நியாயம். பெரிய கூட்டம் கூடும் இடத்துக்கு அது வேண்டும்தான். ஆனால் எங்கள் வளவில் அதைப் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மகளின் வகுப்பு ஓடும். மாமியின் மகன் திரையில் உறைந்து நிற்பான். மாமி கேட்டது மிகக் கொஞ்சம். தூரத்தில் இருந்ததால் அந்தக் கொஞ்சம் போய்ச் சேர நேரம் எடுத்தது. அந்தத் தூரம் எப்படி வந்தது என்று பார்த்தால், முன்வீட்டை எங்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் அவர் பின்னால் போனார்.

சரி, செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு பிழையான வேலை. பட்டினத்தில் ஒரு கடையில் ரிப்பீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வாங்கி, மாமியின் அறையில் குத்தினேன். மாமியின் போனில் கோடெல்லாம் நிறைந்து நின்றது. படம் மட்டும் வரவில்லை. அந்தக் கோடு காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான உறவை. ரிப்பீட்டர் தானே தண்ணீர்த் தாங்கிக்கு அப்பால் நின்று முன்வீட்டை எட்டிப் பிடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. அதோடு, ஒரே காற்றில் வாங்கி அதே காற்றில் திருப்பிச் சொல்வதால் ஒவ்வொரு பொதியும் பாலத்தை இரண்டு தரம் கடக்கிறது. மாட்டு வண்டிக்குப் பின்னால் இன்னொரு மாட்டு வண்டியைக் கட்டிவிட்டிருக்கிறேன். இப்போது அது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

பிறகு வயரிங் பாஸைக் கூப்பிட்டு, சீலிங் வழியாகவும் சுவரோரம் பிவிசி குழாய்க்குள்ளாகவும் முப்பது மீற்றர் கேபிள் இழுத்துப் பின்வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த முனையில் எங்களின் பழைய ரவுட்டர், முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு வெறும் வைஃபை பெட்டியாக. முன்வீட்டுக்கு 1, பின்வீட்டுக்கு 11, இரண்டும் 20 மெகாஹேர்ட்ஸில். 1 மெகாபிட் காலத்துப் பழைய முறையை இரண்டிலும் மூடினேன். முன் ரவுட்டரை ரீவிக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சுவரில் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்கும் போன்களையும் லப்டொப்பையும் அங்கே மாற்றினேன். அதில் இடம் தாராளம், சுவரைத் தாண்டத்தான் பலமில்லை, அதனால் அயல்வீட்டுச் சத்தமும் குறைவு. மாரி மழையில் இடி மின்னல் வந்தால் இரண்டு பிளக்கையும் கழற்ற வேண்டும், அது ஒரு புது வேலை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்று சின்னவன் எடுத்த வீடியோக்களை அவனுடைய போன் இரவோடிரவாகத் தானே மேலே ஏற்றிக்கொண்டிருந்தது, அன்றைக்கும் எல்லாம் இழுபட்டது. அது காற்றுப் பிரச்சினை இல்லை, ரவுட்டருக்குள் பொதிகள் வரிசை கட்டித் தேங்கும் வேறு வியாதி. அதை இன்னொரு நாள் பார்க்க வேண்டும். போன மாதம் லைன் உண்மையிலேயே அறுந்து, பார்க்க ஒருவர் வந்தார். அந்தத் தம்பியாக இருக்குமென்று வாசலுக்கு ஓடினேன். வேறு ஆள். அவர் ஏணியை இறக்க முதலே தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன், ஏன் இந்த அவசரம் என்பதுபோல் பார்த்துவிட்டுக் குடித்தார்.

மாமியை மறுபடி வைஃபைக்குக் கொண்டுவர ஒரு கிழமை பிடித்தது. "உங்களுக்கென்டு தனிப் பெட்டி மாமி, வேற ஆரும் இதில இல்ல" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். இப்போது மாமரத்தடிக்குப் போகாமல் விறாந்தையிலேயே இருந்து பேசுகிறார், படம் கண்ணாடி மாதிரி விழுகிறது. முதல் நாள் பத்து நிமிடம் போகவில்லை, மச்சான் எனக்கு எடுத்தான். "மச்சான், அம்மாக்குப் பின்னுக்குச் சுவர்ல மேல இருந்து கீழ கறுப்பா என்னமோ ஒழுகின மாதிரிக் கிடக்கே, கூரை ஒழுகுதா? எவ்வளவு நாளா?" என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். ஒழுகுகிறது, கன நாளாகத்தான். மாரிக்கு முதல் மேசன் பாஸைப் பிடிக்க வேண்டும்.